முகத்தைக் கடைசியில் வரையுங்கள்: பழைய பாட்டுப் படத்திலிருந்து அனிமேஷன் பாத்திரம் உருவாக்கும் வழி

ரங்கூனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. பால்கனிக் கம்பியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேல் நுனியில் ஒரு சின்ன மணி. பேப்பர் போடுகிறவர் கிளிப்பில் பேப்பரை மாட்டிக் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பார். மணி கேட்டு அப்பத்தா மேலே இழுத்துக்கொள்வார். கண்ணாடி போட்டாலும் அவருக்குத் தலைப்பு எழுத்துதான் தெரியும். ஆனால் தெருமுனையில் யார் திரும்பினாலும் பேர் சொல்லிவிடுவார். "மூஞ்சி எங்கடா தெரியுது இங்கேருந்து? தோள ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு வந்தா அது ஒங்க மாமன்தானே" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தமிழ் வகுப்பு முடிந்ததும் நாலைந்து பிள்ளைகள் நோட்டோடு எங்கள் வீட்டுக்கு வருவார்கள், அனிமேஷனுக்குப் பாத்திரம் வரையக் கற்றுக்கொள்ள. அவர்களிடம் முதலில் சொல்வது அப்பத்தாவின் இந்தப் பேச்சைத்தான். வருகிற எல்லோருமே கண்ணில் தொடங்குகிறார்கள். இமை, புருவம், கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி. முகம் முடிந்ததும் கழுத்துக்குக் கீழே பென்சில் நின்றுவிடும். நானும் இரண்டு நோட்டு முழுக்க முகமாகவே வரைந்து, ஒன்றைக்கூட அசைய வைக்க முடியாமல் மூடி வைத்தவன். பாட்டும் ஆட்டமும் நிறைந்த ஒரு படத்திலிருந்து பாத்திரம் எடுக்கும்போது இந்தப் பழக்கம் இன்னும் பெரிய தடை. அங்கே ஒருவரை இன்னார் என்று காட்டுவது, இசையை அவர் உடம்பு தாங்கும் விதம். அதனால் இந்த வழிகாட்டியில் முகம் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வரும்.

எந்தப் படம்?

நான் பாடத்துக்கு வைத்திருப்பது 1968-இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்'. ஏ. பி. நாகராஜன் இயக்கிய படம். நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி கணேசன், நாட்டியக்காரி மோகனாவாகப் பத்மினி. படத்தில் ஒலிக்கும் நாதஸ்வரத்தை வாசித்தவர்கள் எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாம் திரையில் பார்ப்பது சிவாஜியின் கன்னம், கழுத்து, விரல். வேறொருவர் எழுப்பிய நாதத்துக்கு ஒருவர் உடம்பு கொடுத்திருக்கிறார், அதுவும் பார்க்கிறவருக்குத் துளி சந்தேகம் வராதபடி. அனிமேஷன் வரைகிறவர் செய்யும் வேலை அச்சு அசலாக இதுவே. இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பாத்திரங்கள் திரைக்கு வருவதற்கு முன்பே வரையப்பட்டவை. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் 1950களில் ஆனந்த விகடனில் இந்தக் கதையைத் தொடராக எழுதியபோது, படம் போட்டவர் கோபுலு. தஞ்சாவூரில் 1924-இல் பிறந்தவர், 2015-இல் காலமானார். எங்கள் வீட்டில் அந்தத் தொடரை வாராவாரம் கத்தரித்துத் தைத்த கட்டு ஒன்று இருக்கிறது. 1964 வாக்கில் கப்பலேறிய பக்கத்து வீட்டுக்காரர் அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. உங்களுக்கு எங்காவது அந்தப் படங்கள் கிடைத்தால் விடாதீர்கள். நாலைந்து கோட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் கௌரவம் வந்துவிடும். கோபுலுவின் சண்முகசுந்தரத்தையும் சிவாஜியின் சண்முகசுந்தரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முகங்கள் வேறாக இருந்தும் ஆள் ஒன்றுதான் என்று தெரியும். எது ஒன்றாக இருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் பாத்திரத்துக்கு வேண்டிய விதை அதில் இருக்கிறது.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான். ஒரு 2பி பென்சில், ஒரு நீலக் கலர் பென்சில், அழிப்பான், நகல் எடுக்கும் ஏ4 தாள் ஒரு கட்டு, கறுப்பு மார்க்கர் ஒன்று. அடியிலிருந்து வெளிச்சம் வரும் மேசை வாங்க வேண்டியதில்லை. காலை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டினால் போதும், கரண்ட் இல்லாத நாளிலும் வேலை நடக்கும். படத்தைக் கரண்ட் இருக்கும்போதே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரே காட்சியை மூன்று விதமாகப் பாருங்கள்

முழுப் படத்தையும் வரைய நினைக்க வேண்டாம். இரண்டு நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, காயம்பட்ட கையோடு வாசிக்கும் சண்முகசுந்தரத்திடம் மோகனா ஆட்டத்தின் வழியாகவே நலம் கேட்கும் கட்டம்.

முதல் தடவை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். தாளில் கோடு இழுத்துக்கொண்டே கேளுங்கள். நாதம் ஏறினால் கோடு ஏறட்டும், இழைந்தால் இழையட்டும், தவில் விழும் இடத்தில் ஒரு வெட்டு. இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும். இப்போது எந்த உடம்பு எந்த இடத்தில் அசைகிறது என்று மட்டும் எழுதுங்கள்: "தோள் முதலில், பிறகு கழுத்து", "பாதம் அசையவில்லை, இடுப்பு மட்டும்". மூன்றாம் தடவைதான் இரண்டும் சேர்த்து. அப்போது முதல் தாளின் கோடும் இரண்டாம் தாளின் குறிப்பும் எங்கே சேர்கின்றன என்று பாருங்கள். சேரும் இடங்களில் நிறுத்தி, தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னப் படம் இருபது போடுங்கள். ஒன்றுக்கு அரை நிமிடம், அதற்குமேல் கூடாது. கண், மூக்கு எதுவும் வேண்டாம். தலைக்கு ஒரு வட்டம் போதும்.

இரண்டாம் படி: வாத்தியத்தை முதலில் வரையுங்கள்

புதியவர்கள் ஆளை வரைந்துவிட்டுக் கையில் ஒரு குழலைச் செருகுவார்கள். அந்தக் குழல் கடைசிவரை ஒட்டாது. வாத்தியத்தை முதலில் வரைந்து அதற்கு ஏற்ப ஆளைக் கட்டுங்கள்.

நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். ஆச்சா மரத்தில் கடைந்த குழல், நீளம் சுமார் இரண்டரை அடி. மேலே வாயில் வைத்து ஊதும் சீவாளி, அதைத் தாங்கும் கெண்டை, கீழே விரிந்த வாயான அணசு. வாசிக்க ஏழு துளை, அவற்றுக்குக் கீழே சுருதி பார்க்கும் துளைகள். ஒரு மனிதத் தலை ஏறக்குறைய ஒன்பது அங்குல உயரம். அப்படியானால் நாதஸ்வரம் மூன்று தலைக்கும் கொஞ்சம் அதிகம். உங்கள் கார்ட்டூன் ஆள் மொத்தமே ஐந்து தலை உயரம் என்றால், வாத்தியம் அவர் உடம்பில் பாதிக்குமேல் வந்துவிடும். அது நல்லதுதான். அதைச் சுமக்கிறவர் எப்படி நிற்பார், எங்கே முழங்கையை ஊன்றுவார் என்ற கேள்வி தானாக எழும். பெருமைக்காரர் என்றால் அணசு மேலே தூக்கி நிற்கும், மனம் கலங்கினால் தாழும். முகத்தில் எழுத வேண்டிய பாதியை அந்த ஒரு கோட்டின் சாய்வு சொல்லிவிடும்.

விரல் விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். கார்ட்டூன்களில் கைக்குக் கட்டைவிரலோடு சேர்த்து நாலே விரல் வரைவது பழைய வழக்கம், வேலை குறையும் என்பதற்காக. இங்கே அந்தச் சிக்கனம் கைகொடுக்காது. நாதஸ்வரத்தின் ஏழு துளைகளை ஒரு கையில் மூன்று விரலும் மறு கையில் நாலு விரலும் மூட வேண்டும், கட்டைவிரல்கள் தாங்க வேண்டும். நாலு விரல் கை வரைந்தால் ஒரு துளை எப்போதும் திறந்தே கிடக்கும். நாதஸ்வரம் தெரிந்த பெரியவர் யாராவது பார்த்தால் முதல் பார்வையிலேயே கேட்டுவிடுவார். நாட்டியத்துக்கும் இதே கதிதான். ஒற்றைக் கை முத்திரைகள் 28 என்று படிக்கிறோம். மயூர முத்திரையில் மோதிர விரல் போய்க் கட்டைவிரலைத் தொட வேண்டும், அலபத்மத்தில் ஐந்து விரலும் இதழாய் விரிய வேண்டும். விரலைக் குறைத்தால் மொழியே போய்விடும். எனவே ஐந்து விரல் வையுங்கள், ஆனால் விரல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரையாமல், சேர்ந்திருக்கும் விரல்களை ஒரே கட்டியாகவும் பிரிந்திருக்கும் விரலை மட்டும் தனியாகவும் பிடியுங்கள். பதாக முத்திரை ஒரு பலகை. திரிபதாகம் அதே பலகையில் மோதிர விரல் மட்டும் மடங்கியது.

தவில்காரரை விட்டுவிடாதீர்கள். படத்தில் டி. எஸ். பாலையா செய்த முத்துராக்கு வருகிற ஒவ்வொரு காட்சியும் உருண்டையான ஒரு உடம்புக்கு எவ்வளவு தாளம் இருக்க முடியும் என்பதற்குப் பாடம். தவிலில் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும், இடது கையில் குச்சி. ஆக இரண்டு கைக்கும் இரண்டு விதமான அசைவு. வலது கை விரல் விரலாகத் தெறிக்கும், இடது கை மணிக்கட்டிலிருந்து வீசும். இதை ஒரே மாதிரி வரைந்துவிட்டால் அவர் மேளம் அடிப்பவராகத் தெரிவார், தவில் வாசிப்பவராகத் தெரியமாட்டார்.

இந்த இடத்தில் நம் ஊரும் நமக்குக் கைகொடுக்கும். புத்தர் கோவில் திருவிழாக்களில் சைங் வைங் என்னும் பர்மிய மேளக் கச்சேரி வைத்தால் முன்வரிசையில் போய் உட்காருங்கள். 21 மேளங்களை வட்டமாகக் கட்டி நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை, மேலுடம்பு மட்டும் எல்லாப் பக்கமும் சுழலும். ஹ்னே ஊதுகிறவரைப் பாருங்கள். அதுவும் சீவாளி வைத்து ஊதும் குழல்தான், நாதஸ்வரத்துக்குத் தம்பி என்றே சொல்லலாம். ஆனால் அதன் உலோக வாய் குழலோடு இறுகாமல் தொங்கலாக இருக்கும், ஊதுகிறவர் அசைய அது கொஞ்சம் பின்தங்கி ஆடும். நான் முதன்முதலில் உடம்பிலிருந்து தொடங்கி வரைந்தது அங்கேதான். வெளிச்சம் மங்கல், முகம் தெரியவில்லை. உப்பிய கன்னத்தின் விளிம்பும் கழுத்தின் கோடும்தான் தெரிந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு நோட்டு முகங்களில் வராத உயிர் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது.

மூன்றாம் படி: உடம்புக்கு ஒரே கோடு

இப்போது நீலப் பென்சிலை எடுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் தலையிலிருந்து ஊன்றிய காலின் குதிகால்வரை ஒரே ஒரு வளைகோடு. சண்முகசுந்தரத்துக்கு என் கோடு பின்னால் சாய்ந்த வில். மார்பு முன்னே, தலை பின்னே, யாருக்கும் வளையாதவர். வைத்திக்கு, அதாவது நாகேஷ் செய்த அந்தச் சூழ்ச்சிக்காரருக்கு, கேள்விக்குறி. எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்கும் முதுகு. மனோரமா செய்த ஜில் ஜில் ரமாமணிக்கு இடுப்பில் ஒடியும் ஒரு நெளிவு. மோகனாவுக்கு ஒரே கோடு போதாது. ஆடாதபோது நேர்கோடு, முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் அந்தக் கோட்டின் இருபுறமும் முழங்கால்கள் விரிந்து கீழே ஒரு சாய்சதுரம்.

கோடு தப்பானால் மேலே போகாதீர்கள். உடை, நகை எதுவும் அதைக் காப்பாற்றாது.

நான்காம் படி: கறுப்பு உருவும் மூன்றாம் மாடியும்

கோட்டின்மேல் எளிய வடிவங்களை வையுங்கள். வட்டம் நட்பாகவும், சதுரம் அசையாததாகவும், முக்கோணம் கூர்மையாகவும் கண்ணுக்குப் படும் என்று அனிமேஷன் பாடங்களில் சொல்வார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் அதையே சட்டமாக்கினால் எல்லா வில்லனும் முக்கோணமாகிவிடுவான். ஒரு குழுவில் இரண்டு பேருக்கு ஒரே வடிவம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். வித்துவான் நெடுஞ்சதுரம், தவில்காரர் வட்டம், நாட்டியக்காரி சாய்சதுரம், சூழ்ச்சிக்காரர் ஒல்லியான கொக்கி. நால்வரையும் ஒரே தரைக்கோட்டில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள்.

அப்புறம் மார்க்கரால் முழுக்க கறுப்பாக நிரப்பிவிடுங்கள். கண், மூக்கு, உடை மடிப்பு எதுவும் தெரியக்கூடாது. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கி எதிர் நடைபாதையில் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்பத்தா பால்கனியிலிருந்து பார்ப்பார். போன மாதம் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது நிக்கிறவன் கையில வச்சிருக்கிறது நாயனமா, ஒலக்கையா?" என்று கேட்டார். கீழே நின்றவன் மேலே ஓடி வந்து, "அண்ணே, குழல் உடம்போட ஒட்டிப்போச்சு" என்றான். அதுதான் பிழை. வாத்தியம் மார்புக்கு நேரே இருந்ததால் கறுப்பில் கரைந்துவிட்டது. பக்கவாட்டில் திருப்பி, குழலுக்கும் வயிற்றுக்கும் நடுவே வெள்ளை இடம் விட்டதும் சரியானது. கைக்கும் இடுப்புக்கும், பின்னலுக்கும் முதுகுக்கும் நடுவிலும் இந்த வெள்ளை இடம் வேண்டும். உங்களுக்கு மூன்றாம் மாடி இல்லையென்றால் தாளைச் சுவரில் ஒட்டிப் பதினைந்து அடி தள்ளி நின்று, படத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் ஊருக்கு அழைத்து வாருங்கள்

இதுவரை செய்தது படிப்பு. இனி அவர்கள் உங்கள் பாத்திரங்களாக மாற வேண்டும். நடிகரின் முகத்தை அப்படியே எடுத்தால் அது கேலிச்சித்திரமோ நகலோ ஆகுமே தவிர உங்கள் படைப்பாகாது. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டு. 1968 படத்துக்கு 2028 முடிய இருக்கிறது. வீட்டில் பயிற்சிக்கு வரையலாம், அச்சடித்து விற்க நினைத்தால் ஆள், பெயர், உடை எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். படத்திலிருந்து எடுக்க வேண்டியது அந்த உறவை: தன் கலையே பெரிது என்று நிற்கும் இரண்டு பேர், ஒருவர் இசைக்கு இன்னொருவர் உடம்பு பதில் சொல்கிறது.

நான் அந்த உறவை இங்கே கொண்டுவந்த விதத்தைச் சொல்கிறேன். 1871-இல் கட்டிய நம் காளி கோவில் வாசலில் வாசிக்கும் ஒரு தமிழ் நாதஸ்வரக்காரர், பர்மிய நாட்டியம் ஆடும் ஒரு பெண். இப்படி வைத்ததும் உடை ஒரு பெரிய கேள்வியாக வந்து நின்றது. பரதநாட்டிய உடையில் கால்களுக்கு நடுவே விசிறி மடிப்பு இருக்கும். அரைமண்டியில் உட்கார்ந்தால் விரியும், எழுந்தால் மூடும். பர்மிய ஆட்டக்காரி இடுப்பில் சுற்றும் தமெய்னுக்கோ பின்னால் தரையில் புரளும் நீண்ட வால் உண்டு. திரும்பும்போது குதிகாலால் அதை எத்தி ஒதுக்குவார். முன்னதில் அசைவு முன்பக்கம், பின்னதில் பின்பக்கம். வால் எப்போதும் உடம்புக்குப் பின்னால் கொஞ்சம் தாமதித்து வந்து சேரும். அனிமேஷனுக்கு இப்படிப்பட்ட உடை ஒரு வரம். உடம்பு நின்ற பிறகும் அது இரண்டு மூன்று படத்துக்குத் தொடர்ந்து நகரும், பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு நிறைவு கிடைக்கும். பரதத்தில் அந்த வேலையைப் பின்னல் செய்யும்.

பர்மிய ஆட்டத்தில் முழங்கையும் முழங்காலும் வெடுக்கென்று ஒடிவதைக் கவனித்திருப்பீர்கள். பொம்மலாட்டத்தைப் பார்த்து மனிதர் ஆடும் பாணி அது. யோக்தே என்னும் அந்த நூல் பொம்மைக் கூட்டமே பாத்திரம் வடிப்பவர்களுக்கு ஒரு பாடநூல். மரபான தொகுதியில் 28 பொம்மைகள். குதிரை, குரங்கு, அரக்கர், அமைச்சர், இளவரசி என்று ஒவ்வொன்றும் தூரத்திலிருந்தே பிரிந்து தெரியும். ரசவாதியான ஸோஜி உடம்பெல்லாம் சிவப்பும் கையில் கோலுமாகத் துள்ளி வந்தால் எந்தக் குழந்தையும் பேர் சொல்லிவிடும். பொம்மைக் கடைகளில் இவை தொங்கும். வாங்கக்கூட வேண்டாம், நின்று பார்த்து உருவத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் நூல் கட்டியிருக்கிறது என்று பார்த்தால் உடம்பில் அசைவு எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியும்.

ஆறாம் படி: நகையை எண்ணுங்கள்

புதியவர்களின் கை இங்கேதான் நீளும். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, அட்டிகை, ஒட்டியாணம், வங்கி, சலங்கை எல்லாம் வேண்டும் என்பார்கள். ஆசையை நான் தப்புச் சொல்லவில்லை, கணக்கை மட்டும் காட்டுகிறேன். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைப்பது வழக்கம், அப்படியானால் நொடிக்கு 12 படம். மூன்று நிமிடப் பாட்டுக்கு 2,160 படம். அட்டிகையில் 30 மணி வைத்தால் 64,800 மணி வரைய வேண்டும்.

எனவே ஒவ்வொரு நகைக்கும் ஒரு சுருக்கம் கண்டுபிடியுங்கள். சலங்கையை மணி மணியாக இல்லாமல், மூன்று மேடு உள்ள பட்டையாக வரையலாம். ஒட்டியாணம் ஒரு தடித்த கோடு, நடுவில் ஒரு கல். ஆட்டத்தில் ஆடுகிற நகை ஒன்றை மட்டும் முழுதாக வையுங்கள். ஜிமிக்கி என்றால் ஜிமிக்கி. மற்றவை அமைதியாக இருக்கட்டும். பட்டுக்கரை, பர்மியக் கைலியான லோஞ்சியின் கட்டம் இவற்றையும் இப்படியே. வண்ணம் ஆளுக்கு நாலு போதும், அடுத்தவரின் முக்கிய வண்ணத்தை இவர் தொடக்கூடாது.

ஏழாம் படி: சுற்றுப்பார்வைத் தாள்

தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். உச்சந்தலை, தாடை, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், தரை என்று ஏழு கிடைக்கோடுகள் தாளின் குறுக்கே முழுக்க இழுங்கள். முதலில் முன்பக்கம், பிறகு முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். எல்லா உருவத்திலும் அந்தந்த உறுப்பு அதே கோட்டில் உட்கார வேண்டும். பின்பக்கம் வரையும்போதுதான் பின்னலும் ரவிக்கை முடிச்சும் தமெய்னின் வாலும் எங்கே தொடங்குகின்றன என்பதை முதல் தடவையாக யோசிப்பீர்கள். யோசிக்காமல் விட்டால் ஆட்டத்தில் ஒரு சுற்று சுற்றும்போது அகப்பட்டுக்கொள்வீர்கள். வாத்தியத்துக்கும் தனியாக இப்படி ஒரு தாள் போடுங்கள்.

எட்டாம் படி: இப்போது முகம்

இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு முகம் சுலபமாக வரும், ஏனென்றால் அந்த ஆள் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். "சிரிப்பு, அழுகை, கோபம், வியப்பு" என்று பொதுவான நாலு பாவம் வரைவதில் பிரயோஜனம் குறைவு. வேலையோடு சேர்ந்த பாவங்களை வரையுங்கள்: ஊதத் தொடங்கும் முன் உதட்டைச் சீவாளியில் பொருத்தும்போது, மூச்சு முழுக்க உள்ளே இருக்கும்போது, வாசித்துக்கொண்டே ஓரக்கண்ணால் ஆடுகிறவரைப் பார்க்கும்போது, வாசிப்பை நிறுத்திச் சீவாளியை எடுத்த மறுகணம். வாய் குழலில் மாட்டியிருப்பதால் வித்துவானுக்குப் பேச வழியில்லை. கண்ணும் புருவமும் கன்னமும்தான் மிச்சம். சண்முகசுந்தரம் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று மோகனாவின் ஆட்டத்தைப் பார்க்கும் இடத்தைப் படத்தில் பாருங்கள். பாதி முகம்தான் கிடைக்கிறது, ஆனாலும் ஒன்றும் குறையவில்லை.

கன்னம் உப்புவதைக் காட்ட நம் ஊர் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. பெண்ணுக்கோ சிறுவனுக்கோ கன்னத்தில் தனக்கா, அதாவது மரப்பட்டையை அரைத்துப் பூசும் பூச்சு, வட்டமாக வரையுங்கள். முகம் திரும்பும்போது அந்த வட்டம் நீள்வட்டமாகும், கன்னம் உப்பும்போது பெரிதாகும். நிழல் போடாமலே முகத்தின் உருட்சி தெரிந்துவிடும். என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒரு சிறுமி தானாகக் கண்டுபிடித்தது இது. பர்மிய நாயனம் ஊதும் ஒரு பையனை வரைந்து, ஊதும்போது தனக்கா வட்டம் விரிகிற மாதிரி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு நான் அதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒன்பதாம் படி: ஒரு ஆவர்த்தனம் ஆடவிடுங்கள்

நின்றபடி நன்றாக இருக்கும் பாத்திரம் அசையும்போது உடைந்துபோகலாம். அதனால் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, எட்டு எண்ணிக்கை, அதை மட்டும் ஆடவிட்டுப் பாருங்கள். ஒரு எண்ணிக்கைக்கு அரை நொடி என்று வைத்தால் மொத்தம் நாலு நொடி, 96 ஃபிரேம், 48 படம். பாதத்தைத் தரையில் தட்டும் தட்டடவு போதும். பாதம் தரையில் விழும் படங்கள் 1, 7, 13, 19, 25, 31, 37, 43. இந்த எட்டையும் முதலில் வரையுங்கள், இடைப்பட்டவற்றைப் பிறகு நிரப்புங்கள். ஒலியோடு சேர்க்கும்போது கால் விழும் படத்தை ஒலிக்கு ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு அப்போதுதான் ஒத்துப்போகும்.

தாளில் வரைந்தவற்றைப் போனில் வரிசையாகப் படமெடுத்து ஃப்ளிப்அக்ளிப் செயலியில் ஓட்டலாம். கணினி இருந்தால் கிரிட்டா என்னும் வரையும் மென்பொருள் இலவசம், அசைவு வரையும் வசதியும் அதிலேயே உண்டு. ஓடவிட்டதும் தலையின் அளவு ஊதிச் சுருங்குகிறதா, சலங்கைப் பட்டை காலில் ஏறி இறங்குகிறதா, பின்னல் முதுகோடு ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். எந்த உறுப்பு ஒவ்வொரு முறையும் தொல்லை தருகிறதோ, அதைச் சுற்றுப்பார்வைத் தாளுக்குத் திரும்பிப்போய் எளிமையாக்குங்கள். 48 படத்தைத் திருத்துவதைவிட ஒரு தாளைத் திருத்துவது சுலபம்.

பிறகு 48-ஆம் படத்திலிருந்து 1-ஆம் படத்துக்கு எங்கும் துள்ளாமல் போகிறதா என்று பாருங்கள். அங்கே துள்ளினால் 47, 48 இரண்டையும் கிழித்துவிட்டு, 43-க்கும் 1-க்கும் நடுவில் கால் ஏறி இறங்கும் வழியை மறுபடி வரையுங்கள்.